சைக்கிள் கொட்டகைக்காரிகள்

துப்பாக்கி வந்த அன்று பிரின்சிபல் மேடம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். நீளமான இரண்டு பெட்டிகளையும் மேசைமேல் வைத்துத் திறந்து காட்டிய அருக்காணி, "உக்காருங்க மேடம். இதுல மருந்து கெடயாதுங்க. வெறும் காத்துதான். சைக்கிளுக்கு அடிக்கிறாப்பல காத்தடிச்சு, ஈயக் குண்டு ஒண்ணு போட்டுச் சுடறது," என்றாள்.

"காத்தா இருந்தாலும் துப்பாக்கி துப்பாக்கிதானே அருக்காணி? பேரன்ட்ஸ் வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

"பிள்ளைகளுக்கு நிக்கக் கத்துக் குடுக்கறோம்னு சொல்லுங்க. பொய்யில்லீங்க. மொதல் மூணு மாசம் அதுதான் நடக்கும்."

அருக்காணி கோபிச்செட்டிப்பாளையத்துக்காரி. ஒரு மத்தியக் காவல் படையின் துப்பாக்கி அணியில் பதினோரு வருஷம் இருந்தவள். இடது தோள்மூட்டு ஒத்துழைக்க மறுத்தபோது படையை விட்டுவிட்டு, தில்லித் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராகச் சேர்ந்தாள். கோகோவும் த்ரோபாலும் சொல்லிக்கொடுத்து ஆறு வருஷம் ஓடியது. பழைய தோழி ஒருத்தி தன் அணி கழித்துவிட்ட இரண்டு ரைபிள்களைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து அருக்காணிக்கு வேறு நினைப்பே இல்லை.

இடம் என்று பார்த்தால் பள்ளியின் பின்பக்கத்து சைக்கிள் கொட்டகைதான் இருந்தது. பிள்ளைகள் மெட்ரோவிலும் வேனிலும் வரத் தொடங்கிய பிறகு அதில் சைக்கிள் நிற்பதில்லை. புறாக்கள்தான் இருந்தன. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அருக்காணியின் கணவர் பாலசுப்ரமணியம் அங்கே வந்து வேலை செய்தார். ஒரு மத்திய அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். எதையும் மூன்று தரம் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதவர். பத்து மீட்டரை டேப் வைத்து மூன்று தரம் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டார். பக்கவாட்டில் ப்ளைவுட் அடைத்தார். இலக்கு அட்டைக்குப் பின்னால் குண்டு தெறிக்காமலிருக்கப் பழைய ரஜாய்களை, கனத்த பஞ்சுப் போர்வைகளை, நான்கு மடிப்பாகத் தொங்கவிட்டார். அட்டையை அனுப்பவும் திரும்ப இழுக்கவும் துணி காயப்போடும் கயிறும் கப்பியும். மகள் கவிப்ரியா ஸ்டூல்மேல் ஏறிப் புறாக்கூட்டை எடுத்துப் பக்கத்து வேப்பமரத்தில் வைத்தாள். புறாக்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் நாள் பதினொரு பெண்கள் வந்தார்கள். தீபாவளிக்குள் ஐந்து பேர்தான் மிஞ்சினார்கள். சுடலாம் என்று வந்தவர்களுக்கு நிற்பது அலுத்துவிட்டது. பக்கவாட்டாகத் திரும்பி, இடது முழங்கையை இடுப்பெலும்பில் முட்டுக்கொடுத்து, தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டிலை உள்ளங்கையில் ஏந்தி நிற்க வேண்டும். பாட்டில் தண்ணீர் அசையக்கூடாது. அவ்வளவுதான் பாடம்.

அந்தக் கொட்டகைக்குள் அருக்காணியின் குரலே வேறாக இருந்தது. கோல் மார்க்கெட் பக்கத்து அரசுக் குடியிருப்பில் மூன்றாம் மாடியிலிருந்து அவள் "தக்காளி எவ்வளவு பையா?" என்று கேட்டால் கீழே வண்டிக்காரன் நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொல்வான், அப்படிப்பட்ட தொண்டை. ரேஞ்ச் ஆகிவிட்ட கொட்டகைக்குள் வந்தால் பிள்ளையின் காதருகே குனிந்து, "மெதுவா கண்ணு. மூச்ச விடு. பாதி விட்டு நிறுத்து. தொடாதே. இன்னும் தொடாதே. செரி... இப்ப," என்பாள்.

ஷ்ருதி வந்து சேர்ந்தது தற்செயல். தாமதமாக வந்ததற்காக யாரோ ஒரு டீச்சர் அவளைக் கொட்டகை வாசலில் நிற்கவைத்திருந்தார். நாற்பது நிமிஷம். இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறாமல் அவள் நிற்பதை அருக்காணி உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கால் வலிக்கலையா அம்மணி?"

"வலிக்குது மிஸ்."

"அப்பறம் ஏன் அசையல?"

"வூட்ல தம்பிய தோள்ல போட்டு நின்னுகிட்டே தூங்க வைப்பேன் மிஸ். அசஞ்சா முழிச்சுக்குவான். அவன் முழிச்சா எங்கம்மாவுக்குத் தூக்கம் போயிடும். அதான் பழக்கம்."

அருக்காணி தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

ஒரு வருஷத்தில் மூன்று பேர் அணியாக நின்றார்கள். ஆர்.கே. புரத்திலிருந்து வரும் ஜ்யோத்ஸ்னா. ரைபிளைத் தூக்கும்போது மட்டும் வாய் மூடும். கவிப்ரியா. ஷ்ருதி. பத்து மீட்டருக்கு அப்பால் எள்ளைவிடச் சின்ன வெள்ளைப் புள்ளி. எழுபத்தைந்து நிமிஷத்தில் அறுபது குண்டு. இதற்கென்று ஒரு ஜாக்கெட் உண்டு. கித்தானும் தோலும் வைத்துத் தைத்தது. பலகைபோல விறைத்து நிற்கும். முதுகைப் பிடித்து நிறுத்தி உடம்பின் ஆட்டத்தைக் குறைக்கும். ஜ்யோத்ஸ்னாவுக்கு அதையும் ஒரு ரைபிளையும் அவள் வீட்டில் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் வாங்கியது ஒன்று. கவிப்ரியாவும் ஷ்ருதியும் ஒரே உயரம், ஒரே பருமன் என்பதால் அதை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். மே மாதத்தில் ஒருத்தி வேர்வைக்குள் இன்னொருத்தி நுழைய வேண்டியிருக்கும். "சீ, கந்தா!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டே நுழைவார்கள். போட்டிகளில் தனித்தனி டீடெயிலில் பேர் வரும். டீடெயில் என்றால் ஒரு நேரத்தில் வரிசையாக நின்று சுடும் கூட்டம். முதல் டீடெயிலில் ஒருத்தி சுட்டு முடித்து ஓடிவந்து கழற்றிக் கொடுத்தால், அடுத்த டீடெயிலில் மற்றவள் மாட்டிக்கொள்வாள்.

ஜூன் மாதம், தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்ப் இடிபட்டது. ஷ்ருதியின் வீடு அங்கேதான், பாராபுல்லா வாய்க்காலோரம். அந்த மாதம் முழுக்க அவளைக் காணவில்லை. போன் அணைந்திருந்தது. பள்ளி திறந்த முதல் வாரம் வந்தாள். நரேலாவில் வீடு கொடுத்திருக்கிறார்கள் என்றாள். நல்ல வீடுதான், பைப்பில் தண்ணீர் வரும் நேரத்தில் வரும், ஆனால் தில்லியின் அந்தக் கோடி. ஒரு ஈ-ரிக்‌ஷா, ஒரு பஸ், அப்புறம் மெட்ரோ. வருவதற்கு இரண்டேகால் மணி நேரம், போவதற்கு அதற்கும் மேல். ஆகஸ்டில் அவள் ரைபிளைத் தோளில் ஏற்றியபடியே கண் சொக்கினாள். போட்டிக் கணக்கில் அறுநூற்றுப் பன்னிரண்டு புள்ளி எடுத்துக்கொண்டிருந்தவள் ஐந்நூற்றுத் தொண்ணூறுக்கு இறங்கினாள்.

செப்டம்பரில் அவள் அம்மா ராஜலக்ஷ்மி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். ஜங்புராவில் மூன்று வீடுகளில் சமையலும் பாத்திரமும். பாத்திர சோப்பில் வெளிறிய விரல்களை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றாள்.

"டி.சி. வாங்கிக்கலாம்னு வந்தேன் மிஸ்ஸு. நரேலாவுலயே கவர்மென்ட் ஸ்கூலு ஒண்ணு இருக்குது."

"உக்காருங்க மொதல்ல. டிசம்பர்ல மாநிலப் போட்டி இருக்குதுங்க."

"சொல்லிச்சு. நான் நாலு மணிக்கு எந்திரிக்கிறேன். அது எனக்கு முன்னாடி எந்திரிச்சு டிபன் கட்டுது. பஸ்ல நின்னுகிட்டே தூங்குதாம் மிஸ்ஸு. போன வாரம் எவனோ பையிலேர்ந்து போன எடுத்துட்டான், இதுக்குத் தெரியல. பொட்டப்புள்ள அப்பிடித் தூங்கினா எனக்கு வேலை ஓடுமா?"

"ஓடாதுங்க."

"துப்பாக்கி நல்லதுதான். நீங்க சொல்லிக் குடுக்கறது நல்லதுதான். தூரம்தான் கெட்டது."

அருக்காணி ஒரு நொடிதான் யோசித்தாள். "அப்ப என்ற ஊட்ல இருக்கட்டுங்க. போட்டி முடியற வரைக்கும். என்ற புள்ளயோட புள்ளயா இருக்கும்."

ராஜலக்ஷ்மி முந்தானைக்குள்ளிருந்து விரல்களை வெளியே எடுத்தாள். "அது கொழம்புல முருங்கக்கா தொடாது மிஸ்ஸு," என்றாள்.

வீட்டில் சொன்னது அன்று சாயங்காலம், முடிவெடுத்த பிறகு. பாலசுப்ரமணியம் அரிசிம்பருப்பு சாதத்தில் நெய்யை ஊற்றப்போனவர் கரண்டியை நிறுத்திக்கொண்டார்.

"ஏம் புள்ள, கேக்க வேண்டாமா?"

"இப்பக் கேக்கறனுங்க."

"இதுக்குப் பேரு கேக்கறதா? எத்தன நாளைக்கு?"

"மூணு மாசம்."

"இருக்கறது ரெண்டு ரூமு. எங்க படுக்கும்?"

"கவி ரூம்லதான்."

கவிப்ரியா தட்டிலிருந்து தலை தூக்கினாள். "அச்சா," என்றாள். "ஓகே. ஷ்ருதிதானே. மஸா ஆயேகா." நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். அன்றே அலமாரியில் இரண்டு தட்டைக் காலி செய்தாள்.

முதல் மாதம் நன்றாகவே போனது. ஷ்ருதி அந்த வீட்டுக்குள்ளும் அருக்காணியை மிஸ் என்றுதான் கூப்பிட்டாள். சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் வைக்க மாட்டேன் என்றாள். பாலசுப்ரமணியம் பிடுங்கி வைத்தார். நவம்பரில் புகைமூட்டம் இறங்கியது. எதிர்ப் பிளாக் தெரியவில்லை. பள்ளிக்கூடங்களை மூடினார்கள், பாடம் போனில் நடந்தது, கொட்டகை பூட்டிக்கிடந்தது. அருக்காணி ரைபிளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். குண்டு போடாமல், வீட்டு நடையில் நின்று, கோடியிலுள்ள சுவரில் பென்சிலால் வைத்த புள்ளியைக் குறிபார்த்துக் விசையை மட்டும் அமுக்கும் பயிற்சி. அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் குளியலறைக் கதவு. ரைபிள், குண்டு இல்லாவிட்டாலும், ஒரு மனிதரை நோக்கக் கூடாது என்பது அருக்காணியின் முதல் சட்டம். அதனால் பாலசுப்ரமணியம் தினமும் குளித்து முடித்து உள்ளிருந்தே, "வரலாமுங்களா?" என்று குரல் கொடுப்பார். "இருங்க, இன்னும் மூணு," என்பாள் அவள். ஆபீசுக்கு நேரமாகும். ஈரத்தலையோடு உள்ளேயே நின்று மூன்று 'டிக்' சத்தத்தையும் எண்ணிவிட்டு வெளியே வருவார்.

அந்த நடையில்தான் கவிப்ரியாவின் முகம் மாற ஆரம்பித்தது. அம்மா ரேஞ்சில் பேசும் குரல் வீட்டுக்குள் வந்திருந்தது. ஆனால் அது ஷ்ருதியைச் சுற்றியே இருந்தது. "கண்ணு, தோள இறக்கு. கண்ணு, பால் குடிச்சியா." தன் பக்கம் திரும்பும்போது, "துண்ட எங்க போட்டே? கெமிஸ்ட்ரி முடிச்சியா? வெசயா எந்திரி!" இரவில் கவிப்ரியா போர்வையைக் கொஞ்சம் அதிகமாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

டிசம்பரில் கொட்டகை மறுபடி திறந்தது. போட்டிக்கு ஐந்து நாள் முன்னால், மாலை ஆறு மணிக்கு, டீடெயில் பட்டியல் வந்தது. அருக்காணி கல்லில் தோசை ஊற்றிவிட்டுப் போனைப் பார்த்தாள். தோசை கருகியது. கவிப்ரியா, ஷ்ருதி, ஜ்யோத்ஸ்னா மூவர் பெயரும் ஒரே டீடெயிலில் இருந்தன. காலை எட்டே முக்கால். அமைப்பாளர்களைக் கூப்பிட்டாள். மாற்ற முடியாது என்றார்கள். பழைய தோழிகள் நாலு பேரைக் கூப்பிட்டாள். இந்த அளவு ஜாக்கெட் யாரிடமும் இல்லை. இருந்தவர்களுக்கும் அதே நாள் போட்டி.

ஷ்ருதி உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள். கவிப்ரியா சட்னி எடுக்க வந்தாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே," என்றாள் அருக்காணி, கல்லைச் சுரண்டியபடி. "ஜாக்கெட் அவ போட்டுக்கட்டும். நீ ஸ்வெட்டரோட நில்லு. உன்றது அறுநூத்தி நாலு. அவளுது திரும்ப அறுநூத்திப் பதினொண்ணு வந்துருச்சு. டீம் டோட்டல் பாத்தா அதுதான் கணக்கு."

"கணக்கு," என்றாள் கவிப்ரியா.

"ஆமா."

"அம்மாவா சொல்றியா, கோச்சா சொல்றியா?"

"இதுல ரெண்டு என்ன? உள்ளதச் சொல்றேன்."

"எனக்கு ஷூட்டிங் பிடிக்குமான்னு நீ கேட்டதே இல்ல, பதா ஹை? நான் ஏன் வந்தேன் தெரியுமா? ரேஞ்ச்ல மட்டும்தான் நீ என்கிட்ட மெதுவா பேசுவே. கர் மே சிர்ஃப் டாண்ட், வெறும் திட்டு. எழுந்திரு, படி, துண்டு எங்க. அங்க போனா கண்ணும்பே. அதுக்காகத்தான் ரெண்டு வருஷமா அந்தப் பாட்டில தூக்கிட்டு நின்னேன். இப்ப அதையும் அவளுக்குக் குடுத்துட்டே. ஜாக்கெட்டையும் குடுத்துடு. எனக்கு என்ன."

குரல் மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும், தாயின் தொண்டைதான். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. முன்னறையில் செய்தித்தாளோடு இருந்த பாலசுப்ரமணியம் எழுந்து வந்து அடுப்பை அணைத்தார். அருக்காணி தோசைத் திருப்பியைக் கையில் வைத்தபடி நின்றாள்.

மறுநாள் ஞாயிறு. காலை ஏழு மணிக்கு எழுந்தபோது ஷ்ருதியின் பை இல்லை. படுக்கையை மடித்து வைத்திருந்தாள். ஜாக்கெட் கவிப்ரியாவின் நாற்காலியில், பொத்தான் எல்லாம் போட்டு, ஆள் உட்கார்ந்திருப்பதுபோல நிமிர்ந்து இருந்தது. மேலே ஒரு சீட்டு, இந்தியில்: 'தம்பி ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு போன் பண்ணிவிட்டேன். கவலை வேண்டாம்.'

"நான் போயிக் கூட்டிட்டு வர்றேன்," என்று அருக்காணி சால்வையைத் தேடினாள். "நீங்களும் வாங்க." கவிப்ரியாவை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் திரும்பினாள். அவள் ஏற்கெனவே ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

மெட்ரோவில் கடைசி நிலையம் வரை போனார்கள். அங்கிருந்து பஸ். மூடுபனிக்குள் கடுகு வயல்கள், கிடங்குகள், மறுபடி வயல். ஓரிடத்தில் பாலசுப்ரமணியம் வறுத்த வேர்க்கடலை வாங்கி இருவர் மடியிலும் பாதிப் பாதி போட்டார். அவர்கள் உரித்தார்கள். ஷ்ருதி இதைத் தினமும் நின்றுகொண்டே வந்து போனாள் என்று கவிப்ரியா நினைத்தாளோ என்னவோ, ஒரு கிழவருக்கு எழுந்து இடம் கொடுத்துவிட்டு மீதி வழியெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நரேலாவில் அவர்கள் வீடு நான்காவது மாடி. ராஜலக்ஷ்மி கதவைத் திறந்து, "வாங்க மிஸ்ஸு, வாங்க சார். இத்தன படி ஏறி வந்தீங்களா," என்று பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள். அவள் கணவன் மதன் மருத்துவமனைத் துப்புரவு வேலைக்குப் போயிருந்தான். "அது மொட்டமாடில துணி காயப்போடுது," என்றாள். கவிப்ரியா கேட்டவுடன் மேலே ஏறிப் போய்விட்டாள்.

டீ வந்தது. இஞ்சி தட்டிப் போட்ட, திக்கான டீ.

"என்ன சொல்லுச்சுங்க உங்ககிட்ட?" என்றாள் அருக்காணி.

"தம்பிய பாக்கணும்போல இருந்திச்சுன்னு சொல்லிச்சு. பொய் சொல்ற மூஞ்சி எனக்குத் தெரியாதா? ஆனா கேக்கல. நாலு இட்டிலி துன்னுச்சு, துணி ஊற வெச்சுது."

அருக்காணி நடந்ததைச் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை, மகள் கேட்ட கேள்வி வரை சொன்னாள். சொல்லும்போது டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

ராஜலக்ஷ்மி சிரித்தாள். "இதுக்கா மிஸ்ஸு இப்பிடி வாடிப் போயிட்டீங்க? நான் வேலை செய்யற வூட்ல ஒரு பாப்பா இருக்குது. அதுக்கு ஊட்டறப்ப எனக்குப் பாட்டு வரும். நெலா வரும், காக்கா வரும், அல்லாம் வரும். இங்க வந்து என் புள்ளைக்கு ஊட்டினா, 'முழுங்குடா, நேரமாச்சு'ன்னுதான் வருது. ஊரான் வூட்டுப் புள்ளகிட்ட பொறும இருக்குது. பெத்ததுங்ககிட்டதான் நமக்கு அவசரம்."

பாலசுப்ரமணியம் டீயைக் குடிப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அருக்காணி மூக்கை உறிஞ்சினாள். "இஞ்சி நெம்பக் காரமுங்க," என்றாள்.

மேலே, ஈரத் துணிகளுக்கு நடுவே, கவிப்ரியா ஒரு முனையையும் ஷ்ருதி மறுமுனையையும் பிடித்துப் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தார்கள்.

"பாகல் ஹை தூ? பைத்தியமா? சொல்லாம வந்துட்டே."

"சொன்னா வுட மாட்டீங்க."

"ஜாக்கெட் நீ போட்டுக்கோ. அம்மா சொன்னது கரெக்ட்தான். நீதான் நல்லா சுடறே. அதான் எனக்கு கோவம் வந்துச்சு."

"எனக்கு வேணாம். உங்கம்மா, உன் வூடு, உன் பெட்டு. ஜாக்கெட்டும் நான் போட்டுக்கணுமா? அத போட்டுகிட்டு பக்கத்துல நீ சும்மா நின்னா எனக்குக் கை நிக்காது."

"நான் போட்டுட்டு நீ சும்மா நின்னா எனக்கும் நிக்காதுடி."

போர்வையை உதறினார்கள். தண்ணீர் இருவர் முகத்திலும் தெறித்தது.

"அப்ப ரெண்டு பேரும் வேணாம்," என்றாள் ஷ்ருதி.

"சச்சி?"

"நெசமாத்தான். அது வூட்லயே உக்காந்திருக்கட்டும்."

கீழே வந்து சொன்னபோது முதலில் பதறியது ராஜலக்ஷ்மிதான். "ஜாக்கெட் இல்லாமயா? அத்தன பேரு முன்னாடி? என்னா மிஸ்ஸு இது!" பிறகு விஷயம் புரிந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள். அருக்காணி மட்டும் சிரிக்கவில்லை.

"ரெண்டு பேருக்கும் புத்தி இருக்குதா? ஆளுக்குப் பத்துப் பதினஞ்சு பாயிண்ட் போயிரும். முதுகு பிடிச்சுக்கும். மூணாவது எடம் வர்ற டீமு. ரெண்டு வருஷ ஒழைப்பு!"

"தெரியும்," என்றாள் கவிப்ரியா.

"தெரியும் மிஸ்," என்றாள் ஷ்ருதி.

"ஜ்யோத்ஸ்னாவக் கேட்டீங்களா? அவ மெடலும் சேந்துதான போகுது?"

கேட்டார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டார்கள். ஜ்யோத்ஸ்னா முழுக் கதையையும் இரண்டு தரம் கேட்டாள். "அப்போ நான் மட்டும் பட்டுப்புடவை கட்டிண்டு கல்யாணத்துக்கு வந்தாப்ல நடுவுல நிக்கணுமா? நன்னாருக்கே! நானும் போட்டுக்கலை மிஸ். அம்மா கிட்ட மட்டும் நீங்க சொல்லிடுங்கோ, ப்ளீஸ்."

அருக்காணி கணவரைப் பார்த்தாள். துணைக்கு வருவார் என்று நினைத்தாள்.

"கொட்டகைய நாம்ப கட்டினோம் புள்ள," என்றார் அவர். "டீமு அவங்கதான?"

அவள் எழுந்து சன்னலருகே போனாள். திரும்பியபோது கோச்சாகத்தான் பேசினாள். "செரி. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ரேஞ்சு. நாலு நாள்தான் இருக்குது. ஜாக்கெட் இல்லீன்னா கால் அகலம் மாத்தோணும், முட்டு மாத்தோணும். ஷ்ருதி, பைய எடு."

போட்டியன்று துக்ளகாபாத் ரேஞ்சில் குளிரில் பல் கிட்டியது. ஐம்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். பலகை பலகையாக ஜாக்கெட்டுகள், நடுவே பள்ளிக்கூட மெரூன் ஸ்வெட்டரில் மூன்று பேர். பக்கத்துக் கோச் ஒருவர் அருக்காணியிடம், "கிட் நஹீ ஆயா, மேடம்?" என்று, ஜாக்கெட் வந்துசேரவில்லையோ என்ற அனுதாபத்தோடு விசாரித்தார். "ஆயா ஹை," என்றாள் அவள். "கர் பே ஹை." வந்தது, வீட்டில் இருக்கிறது.

ராஜலக்ஷ்மி மூன்று வீட்டிலும் லீவு சொல்லிவிட்டு எலுமிச்சஞ் சாதத்தோடு வந்திருந்தாள். பார்வையாளர் வரிசையில் பாலசுப்ரமணியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உற்றுப் பார்த்தாள். 'டப்', 'டப்' என்று சத்தம். ஒருத்தரும் நகரவில்லை. அரை மணி கழித்து, "எப்ப சார் ஆரம்பிப்பாங்க?" என்றாள்.

"பாதி முடிஞ்சுதுங்க."

"ஐயோ. எம் பொண்ணு என்னா செஞ்சுது?"

"நின்னுட்டு இருக்குதுங்க. நல்லா நிக்குது."

நாற்பதாவது குண்டில் கவிப்ரியாவின் முதுகு நடுங்க ஆரம்பித்தது. பின்னாலிருந்த அருக்காணிக்கு அது தெரிந்தது. பேசக் கூடாது, எழுந்து போகவும் கூடாது. கவிப்ரியா ரைபிளை இறக்கி ஸ்டாண்டில் வைத்தாள். கையை உதறினாள். மூச்சு விட்டாள். பக்கத்தில் ஷ்ருதியும் அதே நேரத்தில் இறக்கி வைத்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஜ்யோத்ஸ்னா ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், ஸ்லோகமாக இருக்கலாம். பிறகு மூன்று ரைபிள்களும் தோளுக்கு ஏறின.

பதினான்கு அணிகளில் ஏழாவது இடம். ஜ்யோத்ஸ்னா ஐந்நூற்றுத் தொண்ணூற்றைந்து. கவிப்ரியா ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. தனிநபராக அடுத்த சுற்றுக்குப் போக அறுநூறு வேண்டும். ஷ்ருதி அறுநூறு புள்ளி நான்கு. பலகையில் எண் வந்ததும் முதலில் கத்தியது கவிப்ரியாதான். நடுவர் திரும்பிப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

வெளியே புல்தரையில் வெயில் வந்திருந்தது. எலுமிச்சஞ் சாதமும் உருளைக்கிழங்கும். ஏழாவது இடத்துக்கு வந்தவர்கள் மாதிரி இல்லாமல் சாப்பிட்டார்கள். ராஜலக்ஷ்மி மகளின் நெற்றியிலிருந்த முடியை ஒதுக்கியபடி, "போட்டி முடிஞ்சிடுச்சு மிஸ்ஸு. அழச்சிட்டுப் போறேன். சொன்ன சொல்லு," என்றாள்.

பாலசுப்ரமணியம் தொண்டையைச் செருமினார். "மார்ச் பரீட்ச வரைக்கும் இருக்கட்டுமுங்க. பனிக்காலத்துல அந்தப் பஸ் ஆகாது. லீவு நாள்ல நாங்களே கொண்டாந்து விடறோம்." மனைவியைப் பார்த்தார். "நான் கேக்கறேன் புள்ள. இதுக்குப் பேருதான் கேக்கறது."

ராஜலக்ஷ்மி கவிப்ரியாவைப் பார்த்தாள். "உனுக்கு சம்மதமா பாப்பா?"

"போர்வை ரெண்டு வேணும் ஆன்ட்டி," என்றாள் கவிப்ரியா. "ஒண்ணு பத்தல."

மற்றவர்கள் பெட்டிகளைக் கட்டப் போனார்கள். கவிப்ரியா படிக்கட்டில் உட்கார்ந்து முதுகை வளைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தாள். அருக்காணி வந்து முன்னால் நின்றாள்.

"நாப்பதாவதுல எறக்கி வெச்சே பாரு. அது நெம்ப நல்ல முடிவு."

"ம்ம்." கவிப்ரியா ஷூ கயிற்றைப் பார்த்தாள். "அம்மா, நாளைலேர்ந்து நான் வரல. ரேஞ்சுக்கு. ஷ்ருதியால இல்ல. எனக்கு இது அவ்ளோ பிடிக்கல. இன்னிக்கு நல்லா இருந்துச்சு, லேகின்... போதும்."

அருக்காணிக்கு உடனே ஆயிரம் வார்த்தை வந்தது. அடுத்த வருஷம், இன்னும் ஒன்பது புள்ளி, விடாமுயற்சி. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"செரி," என்றாள்.

"சச்சி?"

"செரீன்னு சொன்னனே."

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, எப்போதும் மூன்று மாடிக்குக் கேட்கும் அந்தக் குரலில் பாதிகூட இல்லாமல் கேட்டாள்: "அப்ப சாயங்காலம் வந்தா, நாம்ப ரெண்டு பேரும் என்ன பேசறது கண்ணு?"

கவிப்ரியா அண்ணாந்து பார்த்தாள். அம்மா பயந்திருக்கிறாள் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. படியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"தெரியல," என்றாள். "முதல்ல உக்காரு."